நின்றால் போய்விடும் நெஞ்சு நோவு

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து விஞ்ஞான ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 59 வயது. வேளாண்மை செய்கிறவர். பத்து வருடமாக நீரிழிவு, இளவயது தொட்டுப் பீடி. ஆரையம்பதியில் சாமான் வாங்கிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் திரும்பும்போது கச்சான் காற்று எதிரே அடித்தால், நடு நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் வருகிறதாம். இடது தோளும் உளைகிறதாம். இறங்கி நின்றால் நான்கைந்து நிமிடத்தில் போய்விடுகிறது. ஓரிடத்தில் ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கான் இரண்டும் எடுத்து, இரண்டும் நோர்மல் என்று சொல்லி வாய்வுக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அப்பா சொல்வது: "நிண்டாப் போயிருது மகள், அப்ப இது இதயம் இல்ல."

மகள் கேட்பது இதுதான்: "இதயத்துக்குள் எந்த நேரமும் இரத்தம் நிறைந்துதானே இருக்கிறது? அதற்கே இரத்தம் போதாமல் போவது எப்படி? போதாவிட்டால் ஈசிஜியில் தெரியாதா?"

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது கேள்வியில் இல்லை, கடைசி வரியில். "முந்தி பாலத்தின் நடுவில் வந்தது, இப்போது பாலம் ஏறும்போதே வருகிறது" என்று எழுதியிருந்தீர்கள். குறைந்த வேலைக்கே நோவு வரத் தொடங்கினால் அது காத்திருக்கிற விடயம் இல்லை. அதனால்தான் அன்று பின்னேரமே உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விடிந்ததும் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். கூட்டிப் போய்விட்டீர்கள், வார்டில் வைத்துப் பார்த்தார்கள், ட்ரோப்போனின் பரிசோதனையில் இதயத்தசை சேதப்படவில்லை என்று தெரிந்தது, இதய நாடிகளைச் சாயம் விட்டுப் படம் எடுக்கும் அஞ்சியோகிராமுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. இனி உங்கள் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்கிறேன். இந்தப் பதில் அப்பாவுக்கும் விளங்க வேண்டும். அவர் இன்னும் "வாய்வுதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாக நேற்றுச் சொன்னீர்களே.

முதலில் ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். காத்தான்குடி இறைச்சிக் கடையில் சொல்லி வைத்தால், மேலே ஒட்டியிருக்கும் பெருநாடியை ஒட்ட வெட்டாமல் இரண்டு விரலளவு விட்டுத் தருவார்கள். வீட்டில் குழாய்த் தண்ணீரை அந்தப் பெருநாடிக்குள் மேலிருந்து மெல்ல விடுங்கள். தண்ணீர் கீழே போகாது. மூன்று சின்னப் பைகள் உப்பி ஒன்றோடொன்று முட்டி வழியை மூடிவிடும். அதுதான் வால்வு. இப்போது பெருநாடியை நீளவாக்கில் கத்தரிக்கோலால் வெட்டி விரித்துப் பாருங்கள். அந்தப் பைகளுக்குச் சற்று மேலே, சுவரில் இரண்டு துளைகள் இருக்கும். ஒரு ஈர்க்கை எடுத்துத் துளைக்குள் மெதுவாகத் தள்ளினால், அது இதயத்தின் வெளிப்பக்கக் கொழுப்புக்குக் கீழால் ஊர்ந்து போவது தெரியும். அந்த இரண்டும்தான் முடியுரு நாடிகள். இதயம் உடம்பு முழுவதற்கும் அனுப்புகிற இரத்தத்தில் தனக்கென்று முதலில் பிரித்தெடுப்பது இந்த இரண்டு துளையால்தான். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஒருமுறை ஈர்க்கு போவதைக் கண்ட பிள்ளை அதை மறக்காது.

அறைக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்தைக் குடித்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். வெட்டிய இதயத்தின் இடது அறைச் சுவரைப் பாருங்கள், எவ்வளவு தடிப்பு! மனிதருக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர். ஒட்சிசன் தானாக ஊறிப் போகக்கூடிய தூரமோ ஒரு மில்லிமீற்றரில் சின்னப் பங்கு. உள்விளிம்பில் மெல்லிய ஒரு படை மட்டும் அப்படி நனைந்துகொள்ளும். மற்றத் தசை முழுவதற்கும் நாடி வழியாகத்தான் வரவேண்டும். வாவிக்கரையில் வீடிருந்தாலும் நாம் குடிப்பது கிணற்றுத் தண்ணீரைத்தானே, அதுபோல.

சரி, எவ்வளவு வருகிறது? சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் கால் லீற்றர் அளவு முடியுரு நாடிகளுக்குப் போகிறது. 300 கிராம் உறுப்புக்கு அது தாராளம்தான். ஆனால் வருகிற இரத்தத்தை இதயம் என்ன செய்கிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. உடம்பின் மற்றப் பாகங்கள் ஓய்வில் இருக்கும்போது, வந்த ஒட்சிசனில் சராசரியாகக் காற்பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காலுக்கு வேலை கூடினால் அந்த மிச்சத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இதயத்துக்கு அந்த வசதி இல்லை. அது சும்மா இருக்கும்போதே நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறது. இதயத்தசையிலிருந்து திரும்பி வரும் நாள இரத்தம் உடம்பிலேயே ஆகக் கறுத்த இரத்தங்களில் ஒன்றாக இருப்பது அதனால்தான். ஆகவே வேலை கூடும்போது இதயத்துக்கு இருப்பது ஒரே வழி: இன்னும் இரத்தம் வரவேண்டும். நல்ல நாடிகள் உள்ள ஒருவருக்கு அந்த ஓட்டம் ஓய்வில் இருப்பதைப்போல் நான்கு, ஐந்து மடங்கு வரை கூடும். இந்தக் கூடுகிற பங்கைத்தான் நாங்கள் கையிருப்பு என்கிறோம். உங்கள் அப்பாவின் கதை முழுவதும் அந்தக் கையிருப்பைப் பற்றியதுதான்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இடது இதயவறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடுகிற சிறு நாடிகளைத் தானே நசுக்கிவிடுகிறது. அதனால் அது தனக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பங்கைத் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பெறுகிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். அதில் சுருக்கம் 0.3, தளர்வு 0.5. கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் 37 செக்கன் அளவு தளர்வு. துடிப்பு 150 ஆனால் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், வெட்டு விழுவதெல்லாம் தளர்வில். அப்போது தளர்வு நேரம் நிமிடத்தில் அரைவாசிக்கும் குறைந்துபோகும். ஆகக் கூடுதலாக இரத்தம் தேவைப்படும் நேரத்திலேயே அதைப் பெறுகிற நேரம் குறைகிறது. நசுக்குதல் ஆகக் கடுமையாக இருப்பது சுவரின் உட்பக்கப் படையில். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பகுதி. வயலில் தண்ணீர் பாயும் முறையை அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. குளத்திலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து சின்ன வாய்க்கால், பிறகு ஒவ்வொரு வரம்பிலும் தண்ணீர் விட வெட்டிய வாயான வக்கடை. எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை வாய்க்காலின் அகலத்தை விட வக்கடைதான் தீர்மானிக்கிறது. இதயத்திலும் அப்படியே. ஈர்க்குப் போட்டுப் பார்த்தீர்களே, அந்தப் பெரிய நாடிகள் வாய்க்கால். அவை நன்றாக இருக்கும்போது ஓட்டத்துக்குத் தடை என்று ஏதும் தருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புன்னாடிகள்தான் வக்கடை. அவற்றின் சுவரில் உள்ள தசை இறுகினால் ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும்.

அந்த வக்கடையை யார் திறக்கிறார்கள்? மண்வெட்டியோடு நடந்து திரிய அங்கே ஆள் இல்லை. மூளை உத்தரவு போட்டுத்தான் நடக்கவேண்டும் என்பதுமில்லை. நரம்புத் தொடர்புகளை வெட்டி மாற்றி வைத்த இதயத்திலும் இந்த வேலை நடக்கும். திறப்பது, தாகம் எடுத்த பயிரே. வேலை செய்த தசைக்கலம் தன் சக்திப் பொருளான ஏரிபி-ஐ உடைக்கும்போது அடினோசின் என்ற பொருள் வெளியே கசிகிறது. அது பக்கத்தில் இருக்கும் புன்னாடியைத் தளர்த்துகிறது. இரத்தம் கூட வந்ததும் அடினோசின் கழுவிப் போய்விடுகிறது, வக்கடை திரும்ப ஒடுங்குகிறது. இந்தக் கருத்தை 1963இல் முன்வைத்தவர் ரொபேர்ட் பேர்ன் என்ற உடற்றொழிலியலாளர். அதன் பிறகு, அடினோசின் மட்டும் இல்லை என்று தெரிந்தது. காபனீரொட்சைட்டு, பொற்றாசியம், ஒட்சிசன் குறைவு எல்லாம் சேர்ந்து செய்கின்றன. ஒன்றை மருந்தால் தடுத்தாலும் மற்றவை சமாளித்துவிடும். இவ்வளவு முக்கியமான காரியத்தை உடம்பு ஒரே கையில் கொடுக்கவில்லை.

நாடியின் உட்சுவரும் சும்மா இருப்பதில்லை. இரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை விட்டு, குழாயை இன்னும் அகட்டுகிறது. இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பீடியும் நீரிழிவும் முதலில் பழுதாக்குவது இந்த மெல்லிய உட்சுவரைத்தான். அப்பாவிடம் இரண்டும் இருக்கிறது. பீடியை "குறைக்கச்" சொல்லாதீர்கள். விடச் சொல்லுங்கள், இன்றைக்கே.

இதோடு அழுத்தத்தைச் சமாளிக்கும் ஒரு குணமும் உண்டு. குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் புன்னாடி தானாக இறுகும், இறங்கினால் தளரும். குழாயின் தசைக்கு இந்தக் குணம் இருப்பதை வில்லியம் பேலிஸ் என்ற உடற்றொழிலியலாளர் 1902இலேயே எழுதினார். இவை எல்லாம் சேர்ந்து, அழுத்தம் சுமார் 60க்கும் 140 மில்லிமீற்றர் இரசத்துக்கும் இடையில் எங்கே நின்றாலும் இதயத்துக்குப் போகும் ஓட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. நாம் படுக்கையிலிருந்து எழும்புகிறோம், குந்தி இருக்கிறோம், கோபப்படுகிறோம். பிரஷர் ஏறி இறங்குவது இதயத்தசைக்குத் தெரியாமலே இந்த வேலை நடந்து முடிகிறது.

ஆனால் இந்தத் திறமைதான் உங்கள் அப்பாவின் ஈசிஜியை நோர்மலாகக் காட்டியது. எப்படி என்று சொல்கிறேன்.

பெரிய வாய்க்கால் ஓரிடத்தில் மண் சரிந்து ஒடுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் தண்ணீரின் வேகம் குறைகிறது. உடனே கீழே உள்ள வக்கடைகள் எல்லாம் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொள்கின்றன. வயலுக்குத் தண்ணீர் வழக்கம்போல் போகிறது. போய்ப் பார்த்தால் பயிர் பச்சையாக இருக்கும், குறை தெரியாது. இன்னும் மண் சரிந்தால் வக்கடை இன்னும் திறக்கும். கடைசியில் எல்லா வக்கடையும் முழுதாகத் திறந்தாகிவிடும். அன்றும் பயிர் பச்சைதான். ஆனால் கதிர் வரும் காலத்தில் கூடத் தண்ணீர் தேவைப்படும்போது, இனித் திறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போது முதலில் காய்வது எது? வாய்க்காலின் கடைசி வயல். இதயத்தில் அந்தக் கடைசி வயல்தான், ஆக நசுக்கப்படும் உட்பக்கப் படை.

இதை அளந்து காட்டியவர் லான்ஸ் கூல்ட் என்ற இதய மருத்துவர். 1974இல் அவரும் அவரோடு இருந்தவர்களும் நாய்களின் முடியுரு நாடியைச் சிறிது சிறிதாக ஒடுக்கிப் பார்த்தார்கள். விட்டம் அரைவாசி ஒடுங்கும் அளவுக்கு வரும்போது, உச்ச ஓட்டம், அதாவது கையிருப்பு, குறையத் தொடங்கிவிட்டது. ஓய்வில் இருக்கும் ஓட்டமோ, விட்டம் நூற்றுக்கு 85 அளவு ஒடுங்கும்வரை அசையவே இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் பல வருடம் அந்தத் தூரத்துக்குள் நடந்துகொண்டிருக்கலாம். கட்டிலில் படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜியும் எக்கோவும் அந்த நேரத்தில் இதயத்துக்கு இரத்தம் போதுமா என்றுதான் சொல்லும். அப்பாவுக்குப் படுத்திருக்கும்போது போதும். அதனால் அந்த ரிப்போட் பொய் இல்லை. ஆனால் அது பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ட்ரெட்மில்லில் ஈசிஜி எடுக்கும்போது இது கண்ணெதிரே நடக்கும். எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அப்பாவின் வயதுதான். ஏறும்போது தாளில் கோடுகள் எல்லாம் சீராக இருந்தன. முதல் மூன்று நிமிடம் மாற்றம் இல்லை. சாய்வைக் கூட்டினோம். ஆறாவது நிமிடத்தில் ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் வரும் கோடு மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு கட்டம், பிறகு இரண்டு கட்டம். அவர் வலது கையை எடுத்து நெஞ்சில் விரித்து வைத்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. உடனே நிற்பாட்டினோம். கதிரையில் இருத்தி வைத்து, தாள் ஓட ஓடப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "இப்ப சுகம் டொக்டர்" என்றார். அந்தக் கோடு இறங்கியதுதான் கடைசி வயல் காய்ந்த அடையாளம்.

ஆகவே "நின்றால் போய்விடுகிறது, அதனால் இதயம் இல்லை" என்று அப்பா சொல்வது தலைகீழ். வேலையில் வந்து, நின்றால் போவதுதான் இதயத்தின் கையொப்பம். 1768இல் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் லண்டனில் இந்த நோவை முதன்முதல் தெளிவாக விவரித்தபோது சொன்ன அடையாளமே இதுதான். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் வருகிறது, நின்றதும் மறைகிறது. வாய்வு நோவு எதிர்க்காற்றைப் பார்த்து வராது, பாலத்தை அளந்து வராது. ஒரு விடயத்தை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீரிழிவு நாட்பட்டவர்களில் பலருக்கு நரம்பு மழுங்கி இந்த நோவே வருவதில்லை. வெறும் மூச்சு இளைப்போ களைப்போதான் வரும். அவருக்கு நோவாக வந்தது நல்ல காலம்.

அஞ்சியோகிராமில் என்ன பார்ப்பார்கள்? மணிக்கட்டு நாடியாலோ தொடை நாடியாலோ மெல்லிய குழாயைச் செலுத்தி, நீங்கள் ஆட்டு இதயத்தில் கண்ட அந்தத் துளைக்குள் சாயம் விட்டுப் படம் எடுப்பார்கள். வாய்க்கால் தெரியும், வக்கடை தெரியாது. அவ்வளவு சின்னக் குழாய்களைக் காட்டும் சக்தி அந்தப் படத்துக்கு இல்லை. இந்தக் குறை பெண்களுக்குப் பல தடவை அநியாயமாக முடிகிறது. பெரிய நாடிகள் சுத்தமாக இருந்து புன்னாடிகள் மட்டும் சரியாகத் திறக்காத நிலை ஒன்று உண்டு. "அஞ்சியோகிராம் கிளியர், உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனம்தான்" என்று அவர்களை அனுப்பிவிடுவது பிழை. உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ அப்படி ஒரு நாள் சொல்லப்பட்டால், அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஒடுக்கம் பெரிதா சின்னதா என்று படத்தில் சந்தேகம் வந்தால், வசதியுள்ள இடங்களில் அழுத்தம் அளக்கும் கம்பி ஒன்றை அதற்கு அப்பால் செலுத்துவார்கள். பிறகு மருந்தாக ஏற்றுவது எதை என்று நினைக்கிறீர்கள்? அதே அடினோசினைத்தான். எல்லா வக்கடையையும் முழுதாகத் திறந்துவிட்டு, ஒடுக்கத்துக்கு அப்பால் உள்ள அழுத்தம் பெருநாடியின் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த ஒடுக்கம் இதயத்தைப் பட்டினி போடுகிறது என்று கணக்கு. ஒடுக்கத்தை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைப்பதா, சுற்றுவழி போடும் பைபாஸ் சத்திரசிகிச்சையா, மருந்து மட்டும் போதுமா என்பதை அதையும் படத்தையும் வைத்து அவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் நான் இங்கிருந்து சொல்வது சரியில்லை.

வார்டில் எழுதித் தந்த குளிசைகளில், துடிப்பைக் குறைக்கும் பைசோபுரோலோல் இருப்பதாகச் சொன்னீர்கள். "ஏன் என் இதயத்தை மெதுவாக்குகிறார்கள்" என்று அப்பா கேட்டாராம். மேலே தளர்வு நேரத்தைப் பற்றி எழுதியதைக் காட்டுங்கள். துடிப்புக் குறைந்தால் வேலையும் குறைகிறது, இரத்தம் பெறுகிற நேரமும் கூடுகிறது. ஒரே குளிசை இரண்டு பக்கமும் உதவுகிறது. சுகமாக இருக்கிறது என்று அதைத் திடீரென்று நிற்பாட்டக் கூடாது.

நாக்குக்குக் கீழே வைக்கும் சின்னக் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆகக் கூடுதலாகப் பிழை நடப்பது அதில்தான். அது நைத்திரோகிளிசரின். உடம்புக்குள் போய், உட்சுவர் தர முடியாமல் தவிக்கும் அதே நைத்திரிக் ஒட்சைட்டைத் தருகிறது. நாளங்களையும் தளர்த்துவதால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்து, அதன் சுமை இறங்குகிறது. இருந்துகொண்டுதான் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார். பாலத்தில் என்றால் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓரமாகக் குந்தி இருக்கட்டும். விழுங்கக் கூடாது. தலையிடி வரலாம், பயப்பட வேண்டாம். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே மூடி இறுக்கி வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சேட்டுப் பையில் தாளில் சுற்றி வைத்துத் திரிந்தால் ஒரு சில நாளில் மருந்தின் வீரியம் போய்விடும். போத்தலைத் திறந்த திகதியை மேலே எழுதுங்கள், எட்டு வாரத்துக்குப் பிறகு புதியது வாங்குங்கள். ஆண்மைக் குறைவுக்கு விற்கும் சில்டெனாபில் வகைக் குளிசைகளோடு இது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக இறங்கும். மகளாக நீங்கள் அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். அண்ணனிடம் சொல்லிக் கேட்க வையுங்கள், கேளாமல் விடாதீர்கள்.

வைத்து ஐந்து நிமிடத்தில் நோவு குறையாவிட்டால், அல்லது சும்மா இருக்கும்போதே நோவு வந்தால், வியர்த்துக் கொட்டினால், சத்தி வந்தால், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அப்போது நடப்பது கையிருப்புக் குறைவு இல்லை, வாய்க்கால் அடைபட்டிருக்கலாம். ஓட்டோ தேடி நேரத்தைப் போக்காதீர்கள், அவரைச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றாதீர்கள்.

அஞ்சியோகிராம் முடிந்து டொக்டர் சொல்லும்வரை பாலத்தால் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போய் வரட்டும். வயலுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரம்பில் மெதுவாக நடந்து பார்த்துவிட்டு வரலாம். மண்வெட்டி பிடிப்பதும் மூட்டை தூக்குவதும் கூடாது, சாப்பிட்ட கையோடு எந்த வேலையும் கூடாது. சோதனைக்குப் போகும் அன்று, முதல் இடத்தில் எடுத்த அந்த நோர்மல் ஈசிஜித் தாளையும் மறக்காமல் கொண்டு போங்கள். வீசிவிடாதீர்கள். நோவு இல்லாத நேரத்தில் அப்பாவின் கோடு எப்படி இருந்தது என்று ஒப்பிட, அவர்களுக்கு அது தேவைப்படும்.